முன்தண்டு யாருக்கு?

1

இந்தக் கதையை நான் பேரம் பேசி வாங்கினேன். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாளைக்கே யாராவது வந்து, "இது லுபர்ட்டின் கதையாயிற்றே, உமக்கு எப்படி வந்தது?" என்று சட்டையைப் பிடித்தால் முழிக்க முடியாது.

பாலாடைக்கட்டிச் சந்தை கூடும் சதுக்கத்தின் மூலையில் என் திரைச்சீலைக் கடை இருக்கிறது. லுபர்ட் அங்கே வந்தது துணி வாங்க அல்ல, உட்கார. இடது கால் முட்டிக்கு மேலே பாதித் தொடையோடு போய், செயற்கைக் கால் ஒன்றை மாட்டிக்கொண்டு, சதுக்கத்தைச் சுற்றி அவர் நடை பழகிக்கொண்டிருந்த சமயம் அது. என் கடை நாற்காலி பாதி வழியில் இருந்தது. அவ்வளவுதான் எங்கள் உறவின் தொடக்கம்.

"நீ கதை எழுதறவனாமே?"

"துணி அளக்காத நேரத்துல."

"என்கிட்ட ஒண்ணு இருக்கு. சும்மா தரமாட்டேன்."

சும்மா கொடுத்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். எங்கள் குடும்பத்தில் பிள்ளைகள் வாய் திறந்து முதலில் பழகுவதே, எதிராளி சொன்னதைப் பாதியாக்கிக் கேட்பது. லுபர்ட் தன் நிபந்தனைகளை அடுக்கினார். கால் போன கதையை எழுதக் கூடாது. கதையில் யாரும் அழக் கூடாது. கடைசியில் ஊரே எழுந்து நின்று கைதட்டக் கூடாது.

அழுகையில் கொஞ்சம் தள்ளுபடி கேட்டேன்.

"ஒரே ஒருத்தர். ஒரு சொட்டு."

"கிடையாது."

"கண்ணாவது கலங்கலாமா?"

"மீனுக்கு வெங்காயம் நறுக்கறவன் கலங்கட்டும். வேற எவனும் கலங்கக் கூடாது."

ஒப்புக்கொண்டேன். நட்டம்தான். இருந்தாலும் சரக்கு நல்ல சரக்கு.

2

தொடக்கம், முதல் முயற்சி: "லுபர்ட் சன்னலோரம் அமர்ந்து, மழையில் நனையும் கால்வாயைப் பார்த்தபடி, தான் இழந்த—"

(விட்டுவிட்டேன். அவர் வீட்டுச் சன்னலில் கால்வாய் தெரியாது. பக்கத்து வீட்டுச் சைக்கிள் கொட்டகைதான் தெரியும்.)

இரண்டாம் முயற்சி: "கிடங்கின் பின்வாசலில் லாரி பின்னோக்கி வந்த—"

[முதல் நிபந்தனை. மன்னிக்க வேண்டும், கை பழக்கத்தில் எழுதிவிட்டது.]

மூன்றாவது, இது நிற்கட்டும்:

மறுவாழ்வு மையத்தின் பாய்மேல் லுபர்ட் குப்புறக் கிடந்தார். மிஞ்சியிருக்கும் தொடையைப் பின்பக்கமாக மேலே தூக்க வேண்டும், மெல்ல இறக்க வேண்டும், மறுபடி தூக்க வேண்டும். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வெண்ணெய் தடவிய ரொட்டியில் சாக்லேட் தூளைத் தூவித் தின்றுகொண்டிருந்தாள் ரூலீன். அவருக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட்.

"இன்னும் மேல, அண்ணே. பின்பக்கம் எரியுதா?"

"எரியுது."

"எரியட்டும். உங்க முட்டி இப்ப அங்கதான் இருக்கு."

அவள் சொன்னது விளையாட்டல்ல. செயற்கைக் காலின் முட்டிக்குத் தானாக நிற்கத் தெரியாது. மேலே இருக்கிற தொடை அதைப் பின்னுக்கு அழுத்திப் பிடிக்க வேண்டும். தொடையை அழுத்துவது பிட்டத்துத் தசை. அந்தத் தசை ஒரு நொடி அசந்தால் முட்டி மடங்கும், முட்டி மடங்கினால் ஆள் தரையில். ஆக, மற்றவர்கள் உட்காருவதற்குப் பயன்படுத்தும் உறுப்பை லுபர்ட் நிற்பதற்குப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டிருந்தார்.

"குப்புறப் படுக்கறதுக்குச் சம்பளம் உண்டுன்னா நான் இந்நேரம் காற்றாலையே வாங்கியிருப்பேன், அம்மணி."

"எதுக்காகப் படுக்கறீங்கன்னு ஞாபகம் இருக்கட்டும். வீட்டுப் படி ஏறணும்னீங்க."

"அது போன மாசம். இப்ப பல்லக்குத் தூக்கணும்."

ரூலீன் மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு எழுந்து, சாக்லேட் ஒட்டிய விரலை நக்கிக்கொண்டு, "அப்ப எந்திரிங்க. படுத்துகிட்டே யாரும் பல்லக்குத் தூக்கறதில்ல" என்றாள். அவர் எழுந்து செயற்கைக் காலை மாட்டி நின்றதும், சொல்லாமல் கொள்ளாமல் தோளைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள்.

விழுந்தார்.

"எந்திரிங்க. மறுபடி தள்ளுவேன். எப்பன்னு சொல்லமாட்டேன்."

(ரூலீனைப் பற்றி ஓர் அடிக்குறிப்பு: முதல் வரைவில் இவளை வெளியே முள்ளும் உள்ளே சுளையுமாக எழுதியிருந்தேன். வாசலில் நின்று அவர் போவதையே பார்க்கும் ஒரு பத்திகூட இருந்தது. பிறகு எனக்கே அந்தப் பெண்மேல் நம்பிக்கை வரவில்லை. லுபர்ட்டிடம் விசாரித்தேன். "வாசல்ல எல்லாம் நிக்கமாட்டா. அடுத்த ஆளைத் தள்ளப் போயிருப்பா" என்றார். பத்தியை அடித்துவிட்டேன்.)

3

பல்லக்கு என்று நான்தான் சொல்கிறேன். அவர்கள் மொழியில் அதற்கு வேறு பெயர். அடிப்பக்கம் படகு போல வளைந்த ஒரு மரச்சட்டம், முன்னும் பின்னும் தண்டுகள். அதன்மேல் மஞ்சள் மஞ்சளாகப் பாலாடைக்கட்டி வட்டுகளை அடுக்குவார்கள். ஒவ்வொரு வட்டும் மூன்று வயதுப் பிள்ளையின் கனம். வெள்ளைச் சட்டை, அணிக்கு ஒரு சாயம் பூசிய வைக்கோல் தொப்பியோடு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். கழுத்தைச் சுற்றித் தோள்வழியே தொங்கும் தோல்வாரில் தண்டுகளை மாட்டித் தூக்கிக்கொண்டு, எடைமண்டபத்திலிருந்து சதுக்கத்தைக் கடந்து வண்டி வரை ஓட்டமும் நடையுமாகப் போவார்கள்.

அந்த நடைதான் விஷயம். இருவரும் ஒரே காலை எடுத்து வைத்தால் பல்லக்கு தொட்டில் போல ஆடத் தொடங்கும், ஆட்டம் வளர்ந்து ஆளையே சாய்க்கும். ஆகையால் முன்னவர் இடது காலை வைத்தால் பின்னவர் வலதை வைப்பார். சின்னச் சின்ன எட்டு, வேக வேகமாக. முன்தண்டுக்காரர் நடையை வகுப்பார். பின்தண்டுக்காரர் அதைப் பார்த்து மாற்றி வைத்துக்கொண்டே வருவார்.

சிவப்புத் தொப்பி அணியில் முன்தண்டு ஹார்மென். பின்தண்டு லுபர்ட். இருவரும் இளந்தாரிகளாகச் சேர்ந்த நாள் முதல் அப்படித்தான். ஹார்மெனின் முதுகை அவர் மனைவியைவிட லுபர்ட்டுக்குத்தான் அதிகம் தெரியும் என்று சந்தையில் கேலி உண்டு.

தூக்குகிறவர்களின் சங்கத்துக்குத் தலைவர் யூரியான். சங்க வழக்கப்படி தலைவரை எல்லோரும் 'அப்பா' என்றுதான் கூப்பிட வேண்டும். லுபர்ட்டுக்கு அவர் தம்பி வயது. மறுபடி தூக்க வரட்டுமா என்று லுபர்ட் போய்க் கேட்டதும் யூரியான் மீசையைத் தடவினார்.

"சந்தைப் பருவம் தொடங்கறதுக்கு முன்னாடி, கடைசி வெள்ளிக்கிழமை காலையில, முழுப் பாரத்தோட நீயும் ஹார்மெனும் ஒரு நடை. எடைமண்டபத்துலருந்து வண்டி வரைக்கும். போய்ச் சேர்ந்தா தொப்பி உனக்கு."

"இடையில வட்டு விழுந்தா?"

"தொப்பி வேற ஆளுக்கு. வருத்தப்படாதே, லுபர்ட்டு. எடை எழுதற மேசையில உனக்கு ஒரு நாற்காலி—"

"உக்காருறதுக்கு எனக்கு வீட்லயே நாற்காலி இருக்குப்பா."

கதையில் பந்தயம் இவ்வளவுதான். ஒரு தொப்பி. யாருடைய உயிரும் ஊசலாடவில்லை. ஆனால் தொப்பி போனால் லுபர்ட் யார் என்பதை அவரே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். இந்த வயதில் அது இன்னொரு காலை முளைக்க வைப்பதைப் போல.

(கடைசி வாக்கியத்தைத் தூக்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். இருக்கட்டும், அதற்கு உழைத்திருக்கிறேன்.)

4

முதல் ஒத்திகையில் லுபர்ட் ஒரு தப்புச் செய்தார். இரண்டு சொந்தக் கால் உள்ளவர்களால் அந்தத் தப்பைச் செய்யவே முடியாது.

முந்தைய நாள் மாலை அவர் அலமாரியின் அடியிலிருந்து சங்கத்தின் கறுப்புச் சப்பாத்துகளை எடுத்தார். தூசி தட்டினார், எச்சில் துப்பித் தேய்த்தார், முகம் தெரிகிற வரை பளபளக்க வைத்தார். மறுநாள் ஹார்மென் முன்னே, லுபர்ட் பின்னே, வெறும் பல்லக்கு. ஆளில்லாத சதுக்கம். நாலடி வைத்தார். ஐந்தாவது அடியில் செயற்கைக் கால் முட்டி யாரோ பின்னாலிருந்து தட்டிவிட்டது போல மடங்கியது. பல்லக்கு கல்லில் மோதியது. லுபர்ட் அதன்மேல் கிடந்தார்.

சந்தையில் கெட்ட வார்த்தை பேசக் கூடாது என்பது சங்க விதி. ஆகையால் லுபர்ட் கிடந்தபடியே, அம்மா வழியில் வந்த, யூரியானுக்குப் புரியாத ஃப்ரீசிய மொழியில் திட்டினார்.

எடைமண்டப வாசலில் நின்ற யூரியான், "என்ன அது?" என்றார்.

"ஜெபம்ப்பா" என்றார் ஹார்மென்.

ஹார்மென் கை நீட்டினார். லுபர்ட் அதைப் பிடிக்கவில்லை. ரூலீனின் பாயில் நூறு தடவை விழுந்து எழுந்து பழகிய விதத்தில், கையூன்றி, நல்ல காலை மடக்கி, எழுந்தார். கல்படியில் போய் உட்கார்ந்து முட்டியைத் திருப்பிப் பார்த்தார். அதில் பழுதில்லை. தொடைச் சதை எரியவில்லை, அதுவும் அசரவில்லை. பிறகுதான் கண் சப்பாத்தின்மேல் போனது.

பயிற்சியெல்லாம் அவர் தட்டையான ஓட்டச் சப்பாத்தில் செய்தது. செயற்கைப் பாதத்துக்குக் கணுக்காலில் சமாளிக்கிற புத்தி கிடையாது. எந்தக் குதிகால் உயரத்துக்கு வைத்துப் பூட்டினார்களோ அந்த உயரத்துக்குத்தான் அது நேராக நிற்கும். சங்கச் சப்பாத்தின் குதிகால் ஒரு விரற்கடை கூடுதல். அந்த ஒரு விரற்கடை காலையே முன்னுக்குச் சாய்த்து, முட்டியை மடக்கிவிட்டது. நீங்களும் நானும் புதுச் செருப்புப் போட்டால் கொப்புளம்தான் வரும். லுபர்ட் பளபளவென்று தேய்த்து வைத்தது தன்னைக் கவிழ்க்கும் பொறியை.

"ஹார்மென், உங்கிட்ட ரம்பம் இருக்கா?"

"எதுக்குடா?"

"குதிகாலை அறுக்கணும்."

ஹார்மென் முகம் வெளுத்தது.

"சப்பாத்தோடதுடா, மடையா!"

5

அடுத்த ஒத்திகை பாரத்தோடு. குதிகால் அறுத்த சப்பாத்து சமர்த்தாக நடந்துகொண்டது. லுபர்ட் விழவில்லை. ஆனால் பாதியில், "நில்லு" என்றார். இறக்கினார்கள்.

"வட்டை யாரு அடுக்கினது?"

"நான்தான். ஏன்?"

"எல்லாம் உன் பக்கம் தள்ளி இருக்கு."

"அப்படியா? வழுக்கிப் போயிருக்கும்."

"மாப்ள, என் தோளுக்கு வயசாகியிருக்கலாம், குருடாகல. வாரு தொளதொளன்னு தொங்குது. பாரம் முழுக்க உன்மேல."

ஹார்மென் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நல்லதுக்குத்தாண்டா செஞ்சேன்."

"தெரியும். அதனாலதான் இன்னும் உன் காலை மிதிக்காம இருக்கேன். என்கிட்ட மிதிக்க ஒரு இரும்புக் காலு இருக்கு, மறந்துடாத."

(இங்கே நான் ஹார்மெனைச் சந்தேகித்தேன். நண்பனுக்காக யாருக்கும் தெரியாமல் கூடுதல் பாரம் சுமக்கும் மனிதர், கதைக்கு ரொம்ப வசதியான ஆள். இப்படிப்பட்டவர்களைச் சந்தையில் நான் நம்புவதில்லை. எடைக்கு மேலே ஒரு பிடி அள்ளிப் போடுகிறவன் வேறெங்கோ கைவைத்திருப்பான். தேடினேன். கிடைத்தது. அடுத்த பகுதி அதுதான்.)

வட்டுகளைச் சரிபாதியாக அடுக்கி மறுபடி தூக்கினார்கள். இந்தத் தடவை சதுக்கத்தின் நடுவில் பல்லக்கு ஆடத் தொடங்கியது. கொஞ்சமாக, பிறகு கூடுதலாக. அது முற்றும் முன் லுபர்ட் நிறுத்தச் சொன்னார். மறுபடி தூக்கினார்கள், மறுபடி ஆடியது.

சொந்த முட்டியை அவசரப்படுத்தலாம். வாங்கின முட்டியை முடியாது. மடங்கினால் அது தன் போக்கில் வீசி, நேராகி, பிறகுதான் கனத்தை வாங்கும். ஹார்மெனோ முன்னால் பழைய வேகத்தில் குடுகுடுவென்று போகிறார். பின்னால் வருகிறவர் மாற்றி மாற்றிக் கால் வைக்க வேண்டும். லுபர்ட்டின் இடது கால் ஒவ்வொரு தடவையும் ஒரு மூச்சு பிந்தியது. வலுவில் குறையில்லை, நிலையிலும் குறையில்லை. இன்னொருவர் வகுத்த நடைக்குள் அவரால் ஓட முடியவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது லுபர்ட்டுக்கு விடை தெரிந்துவிட்டது. தெரிந்ததும் நின்றுவிட்டார். ஏனென்றால் அந்த விடை ஹார்மெனிடம் இருந்தது.

6

இந்தச் சந்தையில் விலை படிவது கைதட்டலில். விற்பவர் கையை நீட்டி விலை சொல்லித் தட்டுவார், வாங்குபவர் தன் விலையைச் சொல்லித் திருப்பித் தட்டுவார். இருவர் விலையும் சேரும் வரை பட் பட்டென்று நடக்கும். என் பெரியப்பாமார் துண்டுக்கடியில் விரல்பிடித்துக் கமுக்கமாக முடித்ததை இவர்கள் ஊருக்கே கேட்கச் செய்கிறார்கள்.

எடைமண்டபத்தின் முன்னால் லுபர்ட் கையை நீட்டினார்.

"முன்தண்டு எனக்கு."

ஹார்மென் சிரித்தார். எதிரே நின்றவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் கையைத் தட்டினார். "முடியாது. வேணும்னா பாரத்தை என் பக்கம் கூட வெச்சுக்கறேன்."

பட். "பாரம் பாதிப்பாதி. முன்தண்டு எனக்கு."

பட். "மழை நாள்ல மட்டும் நீ முன்னால."

பட். "இந்த ஊர்ல மழை பெய்யாத நாளு எது?"

பட். "டேய், நான் முன்னால போய்ப் போய் ஊரே அப்படித்தான் பாத்துப் பழகியிருக்கு. பின்னால போனா, ஹார்மெனுக்கு என்ன கேடுன்னு கேப்பாங்க."

அதுதான். பாரத்தைக் கொடுப்பார், முதுகெலும்பைக் கொடுப்பார். இடத்தைக் கொடுக்கமாட்டார்.

பட். "எனக்கு என்ன கேடுன்னு கேட்டு முடிச்சுட்டாங்கல்ல? இனி உன் முறை."

ஹார்மென் ஒவ்வொரு தடவையும் பலமாகத் தட்டினார். ஒரு கட்டத்தில் அது தட்டலாக இல்லை, தள்ளலாக இருந்தது. அடுத்த அடிக்கு லுபர்ட்டின் தோள் பின்னுக்குப் போனது. இடுப்பு போகவில்லை. தொடை பின்னுக்கு அழுந்தியது, முட்டி பூட்டிக்கொண்டது, பாதம் கல்லில் ஒட்டி நின்றது. ஹார்மென் இன்னும் ஓங்கி அடித்தார். லுபர்ட் அதே இடத்தில் இருந்தார்.

"என்னடா இது, முளையடிச்ச மாதிரி நிக்கற?"

"குப்புறப் படுத்துச் சம்பாதிச்சது." லுபர்ட் கையை நீட்டியபடியே சொன்னார்: "உன் காலு எந்த வேகத்துக்கும் வளையும். என் காலு வளையாது. வளையற காலுதான் பின்னால வரணும். நீ பொத்திப் பொத்தித் தூக்க வேண்டாம், மாப்ள. என் நடைக்கு நட."

"அப்ப நான்தான் வளையணும்."

"ஆமா. வளையத் தெரியாதவனா இருந்தா வேற ஆளைத் தேடியிருப்பேன்."

ஹார்மெனின் கை உயர்ந்தது. அந்தரத்தில் நின்றது. பிறகு சட்டைப்பைக்குள் போய்விட்டது. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

பேரம் படியவில்லை. லுபர்ட் கையை உடனே மடக்கவில்லை. கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றார்.

7

வெள்ளிக்கிழமை. மழை இல்லை, ஆனால் கல் ஈரம்.

முடிவு, முதல் வகை: ஹார்மென் பழக்கதோஷத்தில் முன்தண்டில் போய் நிற்கிறார். லுபர்ட் வாரைக் கழற்றி அவர் தோளில் போட்டுவிட்டு, தலைநிமிர்ந்து—

(லுபர்ட் இதைப் படித்துவிட்டு, "தலை நிமிர்ந்து எங்க போறேன், எடை எழுதற மேசைக்கா?" என்றார். கிழித்துவிட்டேன்.)

முடிவு, இரண்டாம் வகை: பல்லக்கு வண்டியைத் தொடுகிறது. சன்னல்கள் திறக்கின்றன. ரூலீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு—

(நிபந்தனை, நிபந்தனை. போதாததற்கு அன்றைக்கு ரூலீனுக்கு வேலை நாள்.)

நடந்ததைத் தெரிந்த வரை சொல்கிறேன்.

லுபர்ட் போய் முன்தண்டுகளுக்கு நடுவே நின்றார். யாரையும் கேட்கவில்லை. யூரியான் அவரைப் பார்த்தார், பிறகு ஹார்மெனைப் பார்த்தார். ஹார்மென் பல்லக்கின் பக்கவாட்டில், முன்னும் இல்லாமல் பின்னும் இல்லாமல் நின்றிருந்தார். கையில் வார். லுபர்ட்டால் திரும்பிப் பார்த்திருக்க முடியும். பார்க்கவில்லை. தன் பக்கத்து வாரை மாட்டினார், காலை அகட்டினார், தொடையைச் செயற்கைக் காலின் மேல்குழிக்குள் நன்றாக அழுத்தி இறக்கினார். குழிக்குள் சிக்கியிருந்த காற்று, சதுக்கத்தின் அமைதியில், மிகத் தெளிவான ஓர் ஓசையோடு வெளியேறியது.

"யாருடா அது?" என்றது ஹார்மெனின் குரல்.

"காலு."

"அதுக்குத் தனியா என்ன சாப்பாடு போடற?"

குரல் பின்னாலிருந்து வந்தது. நேர் பின்னாலிருந்து. ஹார்மென் பின்தண்டுகளுக்கு நடுவே குனிந்து வாரை மாட்டிக்கொண்டிருந்தார், முணுமுணுத்தபடி: "என் முதுகு பாக்க லட்சணமா இருந்துச்சு. எனக்கு வாய்ச்ச முதுகைப் பாரு."

இதற்கு மேல் நான் எழுதி எழுதிப் பார்த்தேன். இங்கிருந்து வண்டி வரை உள்ள தூரத்தை எந்தப் பக்கமிருந்து எழுதினாலும் பொய்யாகிறது. சதுக்கத்தின் மூலையில் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றவனுக்குத் தெரிந்தது இரண்டு வெள்ளைச் சட்டைகள், ஒரு மஞ்சள் குவியல். முன்னால் போகிறவருக்கோ முதுகில் கண் இல்லை. அந்த நடை எப்படி என்பது தோள்வார் வழியாகப் பின்தண்டுக்காரருக்குத்தான் முழுதாகத் தெரியும்.

ஆகவே ஹார்மென் ஒரு நிமிடம் விலகி நிற்பார். (கேட்டுவிட்டேன். முறைத்தார், விலகினார்.) அந்த வாரை நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள். கழுத்தைச் சுற்றி, இரண்டு தோளிலும். தண்டைக் கையால் இறுக்காதீர்கள், கனத்தை வார் சுமக்கட்டும். வட்டுகள் சரிபாதியாக அடுக்கியிருக்கின்றன, உங்கள் பக்கம் இழுக்காதீர்கள். அவருடைய இடது கால் மடங்கி, வீசி, நேராகி, கல்லைத் தொடும். அந்த நொடி உங்கள் வலது கால் இறங்க வேண்டும், அதற்கு முன்னால் அல்ல. அந்த ஒரு மூச்சு உங்களுக்கு நீளமாகத் தோன்றும். காத்திருங்கள். பல்லக்கு ஆடினால் அது பெரும்பாலும் உங்கள் அவசரம்தான்.

வண்டி எதிரே நிற்கிறது. தொப்பி யூரியானின் கையில் இருக்கிறது. லுபர்ட்டின் சட்டைக்குள் முதுகு ஒரு தடவை விரிந்து சுருங்குகிறது. "தயாரா?" என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். முன்தண்டுக்காரர்கள் கேட்பதில்லை.

கிளம்பிவிட்டார்.